இலங்கையின் முதல் பாராளுமன்றம்: உங்கள் வீட்டில் யாராவது ஏதாவது சொல்லியிருக்கிறார்களா?

கொட்டகலையிலிருந்து

பெப்ரவரி வந்தாலே இது ஞாபகம் வந்து தொலைக்கிறது, எழுதிவிடுகிறேன். 1993, பாடசாலைச் சுற்றுலா. பஸ்ஸில் ஒரு சீட் மிச்சம் இருந்ததால் தாத்தாவும் ஏறிக்கொண்டார். சுதந்திர சதுக்க மண்டபத்தில் வைத்து சேர், “1948 பெப்ரவரி 10ஆம் திகதி குளோஸ்டர் கோமகன் நம் பாராளுமன்றத்தைத் திறந்து வைத்த இடம் இதுதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார். ஒரு தூணைப் பலாப்பழம் பார்ப்பதுபோல் விரலை மடக்கித் தட்டினார். அப்புறம் திரும்பி, “சேர், நம்ம ஏழு பேரும் எந்தப் பக்கம் உக்காந்தாங்க?”

சேர் கேட்டார்: “எந்த ஏழு பேர்?”

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. கினிகத்தேனை தாண்டும்வரை வாயே திறக்கவில்லை. 47 தேர்தலில் மலையகத் தமிழர் தெரிவுசெய்து அனுப்பிய ஏழு பேரில் ஒருவரான எங்கள் கொட்டகலை குமாரவேலுவுக்கு ஓட்டுப் போட்டவர் அவர். சேர் கெட்டவரில்லை, அவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் அந்த “எந்த” இன்னும் காதில் இருக்கிறது.

கண்டியிலிருந்து

ஒரு திருத்தம். தாத்தா தட்டிய தூண் 1948இல் கிடையாது. விழா அந்த இடத்தில்தான் நடந்தது, அப்போது பெயர் டொரிங்டன் சதுக்கம். ஆனால் அதற்கென்று தனியாக ஒரு கொட்டகை போட்டிருந்தார்கள். மண்டபம் பிறகு கட்டியது. அதுவும் எங்கள் ஊர் மகுல் மடுவவை (கண்டி அரசர்களின் சபா மண்டபம்) பார்த்து. 1815இல் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட அதே மடுவ. நான் இரண்டு இடத்திலும் நின்றிருக்கிறேன். இங்கே மரத்தூண், தொட்டால் வழுவழுப்பு. அங்கே வெறும் கொங்கிறீட்.

இன்னொன்று, அது முதல் அமர்வும் இல்லை. சபை முதலில் கூடியது 1947 ஒக்டோபர் 14, காலிமுகத்திடல் கட்டடத்தில். 95 பேர் தெரிவானவர்கள், 6 பேர் நியமனம். கோமகன் வந்தது சுதந்திரத்துக்குப் பிந்திய சடங்குக்கு. ஆகவே “எந்தப் பக்கம்” என்று கேட்க வேண்டிய இடம் அதுவல்ல.

பதுளையிலிருந்து

கண்டிக்காரரே, கிழவர் தூணைத் தட்டினார், பரீட்சையா எழுதினார்? நீங்கள் சொன்ன திகதியெல்லாம் சரி. அந்த ஏழு பேரைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா? நுவரெலியா தொண்டமான், தலவாக்கலை வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டி இராஜலிங்கம்... எல்லோரும் இலங்கை இந்தியன் காங்கிரஸ் கட்சி. அவர்கள் உட்கார்ந்தது எதிர்க்கட்சிப் பக்கம், போதுமா?

என் கதை சின்னது. 2022 ஏப்ரல், காலிமுகத்திடல் போராட்டம். அந்தப் பழைய பாராளுமன்றத்துக்கு (இப்போது ஜனாதிபதி செயலகம்) முன்னால் நிற்கிறேன். முன்பின் தெரியாத ஒரு ஐயா எனக்கும் ஒரு கப் பிளேன்டீ நீட்டினார். எந்த ஊர் என்றார். பதுளை என்றேன். “ஓ, இந்தியத் தமிழா?” அன்பாகத்தான் கேட்டார். ஆனால் 1948 ஒகஸ்டில் நம்மவர்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டமூலம் 53க்கு 35 என்று நிறைவேறியது அந்தக் கட்டடத்துக்குள்ளேதான். கோமகன் திறந்துவைத்து ஆறு மாதம்! நான் டீயைக் குடித்துவிட்டு ஆமா என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்னும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

ஹட்டனிலிருந்து

எங்கள் வீட்டில் அம்மாயியின் ட்ரங்குப் பெட்டிக்குள் ஒரு கடதாசி இருந்தது, கரையான் தின்றுவிட்டது. அவ்வளவுதான் கதை. ஆனால் எல்லோருக்கும் சொல்கிறேன்: பழைய கடதாசி இருந்தால் தயவுசெய்து லேமினேட் பண்ணாதீர்கள், சூட்டில் மை கெட்டுப்போகலாம். போட்டோ பிடித்து இரண்டு இடத்தில் வையுங்கள். மடிப்பு மடிப்பாக வைக்காமல் விரித்து வையுங்கள். 1949 சட்டத்தின்படி பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் 1946க்கு முன் தொடர்ந்து இங்கே இருந்ததைக் காட்ட வேண்டியிருந்தது, மணமானவர்கள் 7 வருடம், மணமாகாதவர்கள் 10. தோட்ட லயத்தில் இருப்பவர் எதைக் காட்டுவார்? செக்ரோல் (தோட்டத்து வேலைப் பதிவு), பிறப்புப் பதிவு, பிள்ளையின் பாடசாலைப் பதிவு, இப்படித்தான். அதனால் பெட்டிக்குள் கிடக்கும் எந்தத் துண்டையும் குப்பை என்று எறியாதீர்கள். பெயர் எழுத்து மாறியிருந்தால் நீங்களே பேனாவால் திருத்தவும் வேண்டாம். வேப்பிலை போட்டு வைத்தால்...

கொட்டகலையிலிருந்து

ஹட்டன்காரரே, வேப்பிலைக்கு நன்றி. கண்டிக்காரர் சொன்னது எனக்குத் தெரியாது. தாத்தாவுக்கும் தெரிந்திருக்காது, நல்லவேளை.

அவர் மறுபடி ஓட்டுப் போட்டாரா என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருந்தார். போட்டார். நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 1988 சட்டம் வந்தபிறகு, 89 தேர்தலில். 47க்கு அப்புறம் அதுதான். வாக்காளர் இடாப்பில் அவர் பெயரும் அவர் அப்பா பெயரும் இடம் மாறிக் கிடந்தன. திருத்தச் சொல்லலாம் என்று அப்பா கிளம்பினார். தாத்தா விடவில்லை. “சும்மா இரு. திருத்துறேன்னு எடுத்து, வெட்டிப்புட்டா?”

தன் அப்பா பெயரிலேயே தாத்தா போட்டுவிட்டு வந்தார்.