ஆக்கர் (பழைய சாமான்) கடைக்குப் போன கிட்டார் புத்தகங்கள், கைவிட்ட பழைய கிட்டார்கள்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

வடசேரி_கோர்டு:
2006ல வீடு மாறும்போது நடந்தது. இன்னும் மனசுல கிடந்து அறுக்குது, அதான் எழுதுறேன்.

கிட்டார் பிளேயர், கிட்டார் வேர்ல்டுன்னு அமெரிக்க கிட்டார் இதழ்கள் எல்லாம் ஒரு அரிசிச் சாக்கு நிறைய வச்சிருந்தேன். பாதி திருவனந்தபுரம் பாளையத்துல பழைய புத்தகக் கடையில பொறுக்கினது, பாதி மஸ்கட்ல இருந்த மாமா கொண்டு வந்தது. கூடவே ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்ங்கிற ராக் இசை இதழ் ஏழெட்டு. 1993ல அலகாபாத்ல இருந்து அமித் சைகல் தொடங்கினாரே, அதுதான். அம்மா, "செதலு ஏறுது, வெளிய எடுத்துப் போடு"ன்னு ஒரே பிடி. கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குற பாஸ் கம்பெனி டிஎஸ்-1 பெடலும் (காலால மிதிக்கிற சின்னப் பெட்டி) அந்தச் சாக்குலதான் கிடந்தது. ஆரஞ்சுக் கலரு, அடியில மேட் இன் ஜப்பான். புது அடாப்டர் மாட்டினா லைட்டு மங்கலா எரியும், சத்தமும் சோர்ந்து வரும். செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன்.

ஆக்கர் கடையில தராசுல ஏத்தினாங்க. 23 கிலோ. பெடலுக்குத் தனியா 50 ரூபா. கடைப் பையன் மேல இருந்த ஒரு புத்தகத்தை எடுத்து உதறினான். உள்ள இருந்து கறுப்பா, சதுரமா, தாள் மாதிரி ஒண்ணு விழுந்தது. சவுண்ட்பேஜ்! 80கள்ல கிட்டார் பிளேயர் இதழுக்குள்ளேயே மெல்லிய பிளாஸ்டிக் ரெக்கார்டு வச்சு அனுப்புவாங்க. எழுதியிருக்கிறதை வாசிச்சுக் கேட்கலாம். எங்க வீட்டுல டர்ன்டேபிள் கிடையாது, அதனால ஒரு தடவைகூட நான் கேட்டதில்ல. பையன் அதை ரெண்டா மடிச்சுச் சாக்குக்குள்ள திணிச்சான். மொறுக்குன்னு ஒரு சத்தம். கையை நீட்டினேன், வாயில வார்த்தை வரல. அந்தப் புத்தகத்துல எனக்கு இன்னும் கேட்கிறது அந்த மொறுக்கு ஒண்ணுதான்.

மார்த்தாண்டம்_ஆறுகம்பி:
நான் சொல்லப்போறது வாங்கின கதை. யார்கிட்டயும் சொன்னதில்ல.

பளுகல் பக்கம் ஒரு வீடு. வீட்டுக்காரர் 70கள்ல பஹ்ரைன்ல இருந்தவர், இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பழைய கிட்டார் கிடக்குன்னு கேள்விப்பட்டுப் போனேன். அந்த அம்மா கட்டிலுக்கடியில இருந்து இழுத்து எடுத்துத் தந்தாங்க. ஒலித்துளைக்குள்ள போன் டார்ச் அடிச்சுப் பார்த்தா சிவப்பு லேபிள். யமஹா எஃப்ஜி-180 மாடல். யமஹா கம்பெனிக்கு 1987 வரைக்கும் நிப்பான் காக்கின்னு பேரு, அந்தப் பேருதான் லேபிள்ல இருந்தது. வெளிநாட்டுக்காரங்க சிவப்பு லேபிளைத் தேடிப் பிடிச்சு வாங்குறாங்கன்னு எனக்கு நல்லாவே தெரியும். முகம் மாறாம பார்த்துக்கிட்டேன். "பழசு அம்மா, கழுத்து வளைஞ்சிருக்கு. 3,000 தரலாம்"னேன். வளைஞ்சிருந்தது நிஜம். சரி பண்ணிக்கலாம்னு எனக்குத் தெரியும்ங்கிறதும் நிஜம்.

அவங்க பேரமே பேசல. உள்ள போய் மஞ்சள்ல ஒரு துணி கொண்டு வந்தாங்க, நாலா மடிச்சு, ஓரம் தைச்சது. "அவரு தினமும் இத வச்சுத்தான் தொடைப்பாரு மக்களே. இதையும் கொண்டு போ, வேற துணி போட்டா கீறல் விழும்னு சொல்லுவாரு."

கிட்டார் இப்ப என்கிட்டதான் இருக்கு, நல்லாப் பேசும். அந்தத் துணியை மட்டும் நான் எடுக்கிறதில்ல.

குளச்சல்_பேஸ்:
ரெண்டு பேர்கிட்டயும் கொஞ்சம் பேசணும்.

வடசேரி அண்ணே, வருத்தப்படாதீங்க, ஆனா உங்க பெடல் சாகவே இல்ல. பழைய டிஎஸ்-1 ஏசிஏ வகை அடாப்டருக்குச் செஞ்சது, அது 12 வோல்ட் கணக்கு. பின்னால வந்த 9 வோல்ட் பிஎஸ்ஏ அடாப்டரைத் தனியா மாட்டினா லைட்டு மங்கும், சத்தம் சோரும். ஒரு 9 வோல்ட் பேட்டரி போட்டிருந்தா பளிச்சுன்னு எரிஞ்சிருக்கும். யாராவது இனிமே பழைய பாஸ் பெடல் வாங்குறதா இருந்தா முதல்ல பேட்டரி போட்டுப் பாருங்க, அப்புறமா எந்த அடாப்டர்னு அடியில இருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க.

மார்த்தாண்டம் தம்பி, நீ நினைக்கிற அளவுக்குப் பெரிய கொள்ளை இல்ல அது. எஃப்ஜி-180 மேல்பலகை ஒட்டுப்பலகைதான், ஒரே மரம் இல்ல. 1958 முதல் 60 வரைக்கும் வந்த கிப்சன் கம்பெனியோட சன்பர்ஸ்ட் லெஸ் பால் கிட்டார், 1965ல சிபிஎஸ் கம்பெனிக்குக் கைமாறுறதுக்கு முன்னால செஞ்ச ஃபெண்டர் கிட்டார், இதுக்கெல்லாம் வர்ற விலையைப் பார்த்துட்டு எல்லாப் பழைய கிட்டாருக்கும் அதே கணக்குப் போடுறாங்க. ஜப்பான் டியூப் ஸ்க்ரீமர் பெடலுக்கும் அதே கதைதான். உள்ள இருக்கிற 4558 சிப்பு சாதாரணச் சிப்பு, பேருதான் விலை கேட்குது. அதே நேரத்துல, அந்த அம்மாகிட்ட விலையைச் சொல்லாம வாங்கினது தப்புத்தான். நேர்ல போய்ப் பேசு.

என் கதை சின்னது. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். ஓடு பறந்து, பரண்ல இருந்த புத்தகம் முழுக்க நனைஞ்சுது. நாள்கணக்கா கரண்ட் இல்ல. வெயில் வந்ததும் அப்படியே முற்றத்துல அடுக்கிக் காய வச்சேன். 94லேருந்து சேர்த்தது அவ்வளவும் செங்கல்லா இறுகிப் போச்சு. ஒண்ணைக் கத்தி வச்சுப் பிரிச்சேன், ஒரு கிட்டார்காரரோட முகம் பாதி இந்தப் பக்கத்துலயும் பாதி எதிர்ப்பக்கத்துலயும் ஒட்டிக்கிட்டு வந்தது.

அதனால கேளுங்க. வழவழப்புத் தாள் மேல வெள்ளைக் களிமண் பூச்சு இருக்கும். நனைஞ்சது காயும்போதுதான் அது பசையா மாறி ஒட்டும், ஈரமா இருக்கிற வரைக்கும் பக்கம் பிரியும். அதனால காயுறதுக்கு முன்னால பக்கத்துக்குப் பக்கம் வெறுந்தாள் வைக்கணும். அவ்வளவு நேரம் இல்லைன்னா பிளாஸ்டிக் பையில கட்டி ஃபிரீசர்ல வைங்க, பிறகு ஒவ்வொண்ணா எடுத்துப் பிரிக்கலாம். நம்ம ஜில்லாவுல ஜூன்லயும் மழை, ஐப்பசியிலயும் மழை. பரண்ல எதையும் வைக்காதீங்க, சிமென்ட் தரையிலயும் வைக்காதீங்க. கடலோரத்து ஆளுங்க கிட்டார் கம்பியை வாசிச்ச அன்னைக்கே உலர்ந்த துணியால அடிவரைக்கும் துடைக்கணும், உப்புக்காத்து ஒரு வாரத்துல துருப்பிடிக்க வச்சிரும். வாசிக்காம மாசக்கணக்குல வைக்கிறதா இருந்தா கம்பியை ஒரு ஸ்வரம் தளர்த்தி வைங்க, முழுசா அவிழ்க்காதீங்க. பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்க. அதையும் மாசத்துக்கு ஒருதடவை சூடாக்கிக் காய வைக்கணும், இல்லைன்னா போட்டும் பிரயோஜனம் இல்ல.

வடசேரி_கோர்டு:
பேட்டரி... இத்தனை வருஷம் கழிச்சு இதைத் தெரிஞ்சுக்கிறதுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம் தம்பி. சொன்னதுக்கு நன்றி. இன்னைக்கு வேற எதுவும் எழுத முடியல.

தக்கலை_பாடகி:
விலைப் பேச்சை விடுங்க அண்ணன்மாரே. நான் ஒரு எண்ணைப் பத்திச் சொல்றேன்.

எங்க சபையில கொயர் மாஸ்டர்தான் எனக்குக் கிட்டார் சொல்லித் தந்தது. வாலிபர் கூட்டத்துல பொண்ணு கிட்டார் பிடிச்சா முகம் சுளிச்ச காலம் அது, அவர் ஒரு வார்த்தை சொன்னதில்ல. என்கிட்ட ஒரு கிவ்சன் கிட்டார் இருந்தது, கம்பி அவ்வளவு உயரத்துல நிக்கும், விரல் நுனி எல்லாம் காய்ச்சுப் போச்சு. யாரோ ரெண்டு நாளைக்குத் தந்த கிட்டார் புத்தகத்துல இருந்த டேபை (எந்தக் கம்பியில எங்க விரல் வைக்கணும்னு ஆறு கோட்டு மேல எண்ணால எழுதுற குறிப்பு) அவர் இரவோட இரவா 80 பக்க நோட்டுல ஸ்கேல் வச்சு ஆறு கோடு போட்டு எழுதித் தந்தார். அதுல ஒரு சோலோ. ஏழாவது பிரெட்டு (கிட்டார் கழுத்துல இருக்கிற கட்டம்) பக்கமே வாசிச்சிட்டு வந்து, நடுவுல திடீர்னு ரெண்டாம் கம்பியில ஒண்ணாவது பிரெட்டுக்குக் கை தாவணும். அந்தத் தாவலுக்காக மாசக்கணக்கா சாதகம் பண்ணினேன். கிறிஸ்துமஸ் ஆராதனையில வாசிச்சப்ப அந்த இடத்துலதான் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தாங்க.

12 வருஷம் கழிச்சு அதே புத்தகம் ஒரு தோழி வீட்டுல கண்ணுல பட்டது. அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடிச்சேன். அங்க ஒண்ணு இல்ல. ஏழு.

அவர் ஒண்ணு எழுதினா மேல ஒரு கொக்கி போடுவார். ஏழும் அப்படித்தான் இருக்கும். ரெண்டாம் கம்பி ஏழுல எஃப் ஷார்ப், ஒண்ணுல சி. ரெண்டுமே ஜி மேஜர் ஸ்கேலுக்குள்ள வர்ற சுரம், அதனால யார் காதுக்கும் உறுத்தல, எனக்கும் உறுத்தல. அன்னைக்கு ராத்திரி சரியா வாசிச்சுப் பார்த்தேன். கை எங்கயும் தாவ வேண்டாம், இருந்த இடத்துலயே விரல் விழுந்துரும். ரொம்ப லேசு.

மாஸ்டர் அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டார். நான் இப்பவும் ஒண்ணுதான் வாசிக்கிறேன். எங்கிட்ட படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒண்ணுதான் சொல்லித் தாறேன்.

குளச்சல்_பேஸ்:
அக்கா, பிள்ளைகளுக்குச் சரியானதைத்தானே சொல்லித் தரணும்? அச்சுல வந்ததே ஏழுன்னா ஏழுதான்.

தக்கலை_பாடகி:
ரெண்டையும் வாசிச்சுக் காட்டிருவேன் தம்பி. அதுக எடுக்கிறது ஒண்ணைத்தான்.

மார்த்தாண்டம்_ஆறுகம்பி:
குளச்சல் அண்ணே, ஒட்டுப்பலகைன்னு எனக்கும் தெரியும். அதைச் சொல்லித்தான் இவ்வளவு நாள் என்னையே சமாதானம் பண்ணிக்கிட்டிருந்தேன். நீங்க எழுதினதைப் படிச்சிட்டு நேத்து பளுகல் போனேன். வீடு பூட்டிக் கிடக்கு. பக்கத்து வீட்டுல கேட்டேன், மக கூட்டிட்டுப் போயிட்டாளாம். நம்பர் வாங்கி வச்சிருக்கேன். இன்னும் கூப்பிடல.

புத்தேரி_ரிதம்:
படிக்க மட்டும்தான் வருவேன், இது முதல் பதிவு. வடசேரி அண்ணே, உங்க கதையைப் படிச்சிட்டு அப்பா அலமாரியைக் கிளறினேன். கிட்டார் பிளேயர் 14 இருக்கு, மூணுல அந்தக் கறுப்புத் தாள் அப்படியே இருக்கு, மடியல. அப்பாவோட டர்ன்டேபிளும் இருக்கு, ஆனா பெல்ட் இளகிப் போச்சு. அது கிடைச்சா ஒரு ஞாயிறு சாயங்காலம் வாங்க, சேர்ந்து கேட்போம். மெல்லிய ரெக்கார்டு வழுக்காம இருக்க மேல ஒரு நாணயம் வைக்கணும்னு அப்பா சொல்றார். நாகர்கோவில்ல டர்ன்டேபிள் பெல்ட் எங்க கிடைக்கும்னு யாருக்காவது தெரியுமா?