கனடால புக் பண்ணின கொண்டோ கேன்சல், அந்தக் காசை நுவரெலியா அப்பார்ட்மென்ட்ல போடலாமா?

தலவாக்கலை தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்கா வீட்டுக்காரர் ஸ்காபரோல இருக்காரு. 2021ல வட்டி எல்லாம் அடிமட்டத்துல கிடந்த நேரம் ஒரு கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, புக் பண்ணினாரு, கட்டடம்னு ஒன்னுமே இல்ல, வெறும் காணி, சுத்தி வேலி, ஒரு சேல்ஸ் ஆபீஸ், அதுக்கே தவணை தவணையா மொத்த விலைல 15 வீதம் கட்டி முடிச்சிட்டாரு. இப்ப பில்டர்ட்ட இருந்து கடிதம் வந்திருக்கு, பேங்க் லோன் சரிவரல, ப்ரொஜெக்ட் கேன்சல், கட்டின காசைத் தர்றோம்னு. கூடவே ஒரு பேப்பர அனுப்பி சைன் பண்ணியும் கேக்குறாங்க. காசு முழுசா வருமா வராதா?

அடுத்தது, அந்தக் காசு வந்தா நுவரெலியால வரப்போற அப்பார்ட்மென்ட் ஒன்னுல போடலாம்னு மச்சான் நிக்கிறாரு, ஏப்ரல் சீசனுக்கு வாடகைக்கு விட்டா நல்லா ஓடுமாம். அப்பா தோட்டத்துல இருந்து ரிடையர் ஆகி எடுத்த ஈபிஎஃப், ஈடிஎஃப் காசையும் சேர்த்துப் போடச் சொல்றாங்க, எனக்கு பயமே அங்கதான். அந்த ஆபீஸ்ல ரெண்டு பக்க புக்கிங் ஃபார்ம் ஒன்னு தந்தாங்க, வீடு கையளிக்கிற தேதி எழுதுற இடத்துல பேனாவால ஒரு கோடு இழுத்து வச்சிருக்கு. கேட்டா "அது பிறகு போடுவோம்"ங்கிறாங்க. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஸ்காபரோ பதுளைக்காரன்:
தம்பி, மொதல்ல மச்சானுக்கு ஒரு கோல் எடுத்து லோயர் பாக்குற வரைக்கும் எதுலயும் சைன் வைக்க வேணாம்னு சொல்லுங்க. அனேகமா அது ரிலீஸ் பேப்பரா இருக்கும், அதாவது காசை வாங்கிக்கிட்டேன், இனி உங்க மேல வழக்கு கிழக்கு போட மாட்டேன்னு எழுதிக் குடுக்கிறது.

காசு விஷயத்துல இங்க ஒன்டாரியோ மாகாணச் சட்டம் நல்லாவே இருக்கு. கொண்டோவுக்கு கட்டுற டிப்பாசிட் சட்டப்படி டிரஸ்ட் அக்கவுண்ட்ல கிடக்கணும், பில்டர் நெனச்சபடி அதுல கை வைக்க ஏலாது, எடுத்துக் கட்டுறதுன்னா அதுக்கு ஈடா இன்சூரன்ஸ் போட்டுத்தான் எடுக்கணும். அதுக்கு மேல டாரியன்னு புது வீடு வாங்குறவங்களுக்கு வாரண்டி பாக்குற ஒரு அமைப்பு 20,000 டொலர் வரைக்கும் டிப்பாசிட்டுக்கு பொறுப்பு நிக்குது. ஒப்பந்தம் முறிஞ்சா 10 நாளுக்குள்ள வட்டியோட திருப்பித் தரணும்னு ஒப்பந்தத்தோட சேத்து வர்ற டாரியன் இணைப்புப் பத்திரத்துலயே இருக்கு, ஆனா அந்த வட்டிய நம்பி ஒரு கணக்கும் போடாதீங்க, அவ்வளவு கம்மி. ஒன்னு கேட்டுப் பாருங்க, மச்சான் நேரா பில்டர்ட்ட வாங்கினாரா, இல்ல வேற ஒருத்தர் புக் பண்ணினத அசைன்மென்ட்ல வாங்கினாரா? அசைன்மென்ட்னா மொத ஆளுக்கு கைல குடுத்த லாபக்காசு டிரஸ்டுக்குள்ள இருக்காது, அத மீட்கிறது பெரும்பாடு.

நெனச்சவுடனே கேன்சல் பண்ணவும் பில்டரால ஏலாது. இத்தன வீதம் யூனிட் விக்கணும், பேங்க் லோன் கிடைக்கணும், நகரசபை அனுமதி வரணும், இதெல்லாம் இன்ன தேதிக்குள்ள நடக்கலன்னா முறிக்கலாம்னு அந்த இணைப்புலயே எழுதியிருப்பாங்க. அந்தத் தேதி தாண்டின பிறகு முறிக்கிறாங்களா, லோன் எடுக்க நியாயமா முயற்சி பண்ணினாங்களான்றத லோயர் பாக்கணும். 2018ல இங்க வோன் நகரத்துல காஸ்மோஸ்னு மூணு டவர், ஆயிரத்துக்கு மேல யூனிட், லோன் சரிவரலன்னு சொல்லியே கேன்சல் பண்ணினாங்க. காசு திரும்பி வந்துச்சு. ஆனா அதுக்குள்ள டொரோண்டோல விலை ஏறிட்டதால அதே காசுக்கு அதே மாதிரி வீடு வாங்க முடியாம சனம் அழுதுச்சு. வீணாப்போன அந்த வருசங்களுக்கு நஷ்டஈடு டாரியனும் குடுக்காது, டிரஸ்டும் குடுக்காது.

மச்சான் கதை கொஞ்சம் வேற. 2022 மார்ச் தொடக்கம் வரைக்கும் 0.25 வீதமா இருந்த பேங்க் ஒஃப் கனடா வட்டி 2023 ஜூலைல 5 வீதம் ஆச்சு, கொண்டோ வாங்க ஆளில்ல, விலை இறங்கிருச்சு. 2021 விலைக்கு வாங்கி இப்ப முடிக்கப் போறவங்களுக்கு பேங்க் மதிப்பு கொறச்சுப் போடுது, மிச்சத்த கைல இருந்து போட ஏலாம தவிக்கிறாங்க. அதனால கேன்சல் ஆனத நெனச்சு அக்கா அழ வேணாம்னு சொல்லுங்க.

கண்டி கியூஎஸ்:
நுவரெலியா பக்கம் நான் சொல்றேன், கட்டட வேலைலதான் இருக்கேன். அங்க ஒருத்தர் டிரஸ்ட், டாரியன்னு சொன்னாரே, இங்க அந்த நெனப்புல காசு கட்டிறாதீங்க, ஒப்பந்தத்துல எஸ்க்ரோ அக்கவுண்ட்னு, அதாவது டெவலப்பர் கை வைக்க ஏலாம நடுவுல ஒருத்தர்ட்ட காசு கிடக்கும்னு, தெளிவா எழுதியிருந்தா ஒழிய நீங்க கட்டுற காசு நேரா டெவலப்பர் கைக்குத்தான் போகும். அந்த ரெண்டு பக்க ஃபார்ம வச்சு அந்த வீட்ட எழுதித் தாங்கன்னு கேட்டு வழக்காட ஏலாது. 1840ம் ஆண்டு 7ம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டப்படி காணி, வீடு விக்கிற ஒப்பந்தம் நொத்தாரிஸ் முன்னால ரெண்டு சாட்சியோட எழுதினாத்தான் செல்லும். ஃபார்ம வச்சு கட்டின காசைத் திருப்பித் தான்னு கேக்கலாம், அவ்வளவுதான்.

முடியாத கட்டடத்துக்கு புரொவிஷனல் கொண்டோமினியம் பிளான், அதாவது தற்காலிக அடுக்குமாடி வரைபடம், பதியலாம், அடுக்குமாடி உடைமைச் சட்டத்தோட 2003 திருத்தத்துல வந்தது. அது பதிஞ்சிருக்கான்னு பிளான் நம்பரோட கேளுங்க. காணிப் பதிவகத்துல அந்தக் காணியோட பதிவுப் பக்கத்த, ஃபோலியோன்னு சொல்வாங்க, எடுத்தா அந்தக் காணி ஏதாவது பேங்க்ல ஈட்டுல கிடக்கான்னு தெரிஞ்சிரும், இத லோயர விட்டு கட்டாயம் பாக்கச் சொல்லுங்க, டெவலப்பர் காட்டுற கொப்பிய நம்பாதீங்க.

மலைநாட்டுல இன்னொன்னு, என்பிஆர்ஓ, அதாவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மண்சரிவு அனுமதி இல்லாம மலைச்சரிவுல அத்திவாரம் வெட்டக் கூடாது. 2025 நவம்பர் தித்வா புயல்ல நம்ம பக்கம் என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் சொல்லத் தேவையில்ல. அந்த அறிக்கைல தடுப்புச் சுவர், தண்ணி வழிஞ்சோட வடிகால்னு நிபந்தனை போட்டிருப்பாங்க, அதுக்கே பெரிய செலவு, அது பட்ஜெட்ல இல்லாத ப்ரொஜெக்ட் பாதில நிக்கும். அறிக்கையோட முதல் பக்கத்த மட்டும் காட்டினா விடாதீங்க, நிபந்தனைப் பக்கத்தக் கேளுங்க.

ஹட்டன் அக்கா:
தம்பி, அப்பா காச தொடாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். எங்க சித்தப்பா கொழும்புல கட்டி முடியாத பிளாட் ஒன்னுக்கு கட்டினாரு. 2022ல டொலர் 200ல இருந்து 360க்குப் போச்சே, சீமெந்து பை விலை ரெண்டு மடங்குக்கு மேல ஏறிச்சே, அப்ப ஒப்பந்தத்துல விலை கூட்டலாம்னு ஒரு வரி இருக்குன்னு காட்டி சதுர அடிக்கு கூடக் கேட்டாங்க. குடுக்க ஏலலன்னு சொன்னதும் வேலை நின்னுச்சு, பிறகு போனும் எடுக்கல. கம்பி எல்லாம் துருப்பிடிச்சு நாலு மாடி அப்படியே நிக்குது. ரசீது எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்ல தேதி வாரியா அடுக்கி வச்சிருக்காரு, ஒரு ரசீதுலயும் எந்த மாடி, எந்த யூனிட்னு எழுதல, எல்லாத்துலயும் "அட்வான்ஸ்" மட்டும்தான். லோயர் மொதல்ல கேட்டதே அதத்தான். மனுசன் முப்பது வருசம் தோட்ட ஆபீஸ்ல கணக்கு எழுதினவர், ஒரு சதம் பிழைக்க விடாதவர், அவருக்கே இந்த நெலம.

தலவாக்கலை தம்பி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். மச்சான்ட்ட பேசிட்டேன், சைன் வைக்கல, நேரா பில்டர்ட்டதான் வாங்கியிருக்காரு, லோயரப் பாக்கப் போறாரு. அப்பா காசு பேங்க்லயே கிடக்கட்டும்னு வீட்டுல பேசி முடிவாச்சு. நுவரெலியா ஆபீஸுக்கு பிளான் நம்பரும் என்பிஆர்ஓ அறிக்கையும் கேட்டு மெசேஜ் போட்டிருக்கேன், இன்னும் பதில் இல்ல. கியூஎஸ் அண்ணே, ஒருவேளை காணி ஈட்டுல இருந்தா அப்பவே விட்டுறணுமா?

கண்டி கியூஎஸ்:
ஈடு இருக்கிறது மட்டும் பிழையில்ல தம்பி, பெரிய கட்டடம்னா பேங்க்ல எடுத்துத்தான் கட்டுவாங்க. உங்க யூனிட்டுக்கு முழுக்காசும் கட்டினதும் அந்தப் பங்க ஈட்டுல இருந்து விடுவிக்கிறோம்னு பேங்க் தன்னோட கடிதத்தலைப்புல, யூனிட் நம்பர் போட்டு எழுதித் தரணும். டெவலப்பர் தர்ற கடிதம் அதுக்கு ஈடாகாது. அது கைக்கு வராம மொத தவணையும் கட்ட வேணாம்.