ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது, பிள்ளைகளுக்குப் பாடம் வந்ததா?

சாக்பீஸ்:
அரசு உயர்நிலைப் பள்ளியில் 19 வருடமாக அறிவியல் எடுக்கிறேன். எங்களுக்கு முதலில் ஹைடெக் லேப் வந்தது, அப்புறம் ஸ்மார்ட் போர்டு. 2018-ல் புதுப் பாடநூல் வந்தபோது பாடத்துக்குப் பாடம் க்யூஆர் கோடு. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி. 2023-ல் பாட வீடியோக்களுக்கான மணற்கேணி செயலி. இதற்கெல்லாம் உழைத்தவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் போன வாரம் என் வகுப்பில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

பத்தாம் வகுப்புக்கு ஒளிச்சேர்க்கை. 18 நிமிட வீடியோ போட்டேன். நல்ல வீடியோ, இலையில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்துக்கு உள்ளேயே போய்ப் பார்க்கிற மாதிரி இருந்தது. வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. நானும் மகிழ்ச்சியாக இருந்தேன். மறுநாள் வாசலில் நிற்கும் வேப்பமரத்தைக் காட்டி, "இது ஒரு சின்ன விதையிலிருந்து வந்தது. இவ்வளவு எடை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். 38 பேரில் 36 பேர் "மண்ணிலிருந்து" என்றார்கள். கட்டையின் எடையில் பெரும்பங்கு காற்றில் இருந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்தும் வேர் உறிஞ்சிய தண்ணீரிலிருந்தும் வந்தது என்பதுதானே அந்தப் பாடமே? வீடியோவில் அதை மூன்று முறை சொன்னார்கள்!

கரும்பலகையில் நான் இலையின் குறுக்குவெட்டை வரையும்போது பிள்ளைகளும் கூடவே வரைவார்கள். நான் எங்கே நிறுத்துகிறேனோ அங்கே அவர்கள் கையும் நிற்கும். "சார், இந்த ஓட்டை எதுக்கு?" என்று அங்கேதான் கேட்பார்கள். திரையைப் பார்க்கும்போது கை சும்மா இருக்கிறது, கேள்வியும் வருவதில்லை. வகுப்பில் திரை நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. மற்றவர்கள் அனுபவம் என்ன?

தஞ்சை இயற்பியல்:
சாக்பீஸ் சார், உங்கள் வேப்பமரக் கேள்வி அருமை. ஆனால் அதை வீடியோவுக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும் என்பேன். நீங்களே 18 நிமிடம் நிறுத்தாமல் பேசினால் பிள்ளைகள் கை சும்மாதானே இருக்கும்? திரையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல், பக்க இணைப்பு, அதாவது ஒவ்வொரு பல்பையும் தனித்தனி வழியில் ஒரே பேட்டரியோடு இணைப்பது. ஃபெட் (PhET) என்று, கணினித் திரையில் செய்து பார்க்கும் அறிவியல் சோதனைகளின் தொகுப்பு ஒன்று இருக்கிறது. இயற்பியலில் நோபல் வாங்கிய கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இலவசம். ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே ஓடும், பலவற்றைத் தமிழிலும் பார்க்கலாம். அதில் ஒரு பேட்டரி, ஒரு பல்பு வைத்து எரியவிட்டேன். "இதற்குப் பக்கத்தில் இன்னொரு பல்பைப் பக்க இணைப்பில் சேர்த்தால் முதல் பல்பு என்ன ஆகும்? நோட்டில் எழுதுங்கள், எழுதாமல் நான் பொத்தானைத் தொட மாட்டேன்" என்றேன். 41 பேரில் 33 பேர் "மங்கும்" என்று எழுதினார்கள். கரன்ட் ரெண்டாகப் பிரியுமே என்று காரணமும் எழுதினார்கள்.

சேர்த்தேன். முதல் பல்பு அப்படியே எரிந்தது. வகுப்பு எழுந்தே விட்டது. பின்வரிசையில் வழக்கமாகப் பேசாத ஒரு பையன், "அப்போ ரெண்டாவது பல்புக்கான கரன்ட் எங்கேயிருந்து சார் வருது?" என்றான். அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் அந்தப் பாடத்தை எடுக்கிறேன். கரன்டை அளக்கும் அம்மீட்டரை நடுவில் வைத்தோம், பேட்டரியிலிருந்து வருவது இரண்டு மடங்கு ஆகியிருந்தது. எல்லாம் சேர்த்து 12 நிமிடம். மீதி நேரம் நோட்டு, பேனா, பேச்சு.

ரெண்டு பிள்ளை அம்மா:
நான் ஆசிரியர் இல்லை, பெற்றோராக ஒரு விஷயம் சொல்கிறேன். என் மகள் எட்டாவது, மகன் ஐந்தாவது. வீட்டில் ஒரு போன்தான், அதை அவர்கள் அப்பா காலையில் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார், இரவு எட்டரைக்குத்தான் வருவார். பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் வாட்ஸப்பில் வருகிறது, "க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பார்த்து எழுதி வரவும்" என்று. எட்டரைக்கு ரெண்டு பேரும் ஒரே போனுக்கு அடித்துக்கொள்கிறார்கள். சில நாள் டேட்டா தீர்ந்திருக்கும். மறுநாள் எழுதாமல் போனால் நிற்க வைக்கிறார்கள் என்று மகள் அழுதாள். புத்தகத்தில் இருக்கும் படத்தைப் பார்த்து எழுதச் சொன்னால் எழுதியிருப்பாள். வகுப்பில் எதை வேண்டுமானாலும் போடுங்கள் ஐயா. வீட்டுக்கு அனுப்பும்போது எங்கள் வீட்டையும் நினைத்துப் பாருங்கள்.

தஞ்சை இயற்பியல்:
அம்மா, நீங்கள் சொல்வதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை. போன் தேவைப்படும் வேலையை வீட்டுக்குக் கொடுக்கவே கூடாது. அந்தப் பிள்ளையை நிற்க வைத்தது தவறு.

ஐந்தாம் வகுப்பு டீச்சர்:
வணக்கம். நான் தொடக்கப் பள்ளி. இங்கே எல்லோரும் பார்ப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். என் வகுப்பில் அதிகம் உதவுவது என் போனில் இருக்கும் குரல் பதிவுதான்.

என்னிடம் ஒரு பெண் குழந்தை, ஐந்தாவது வந்தும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். எல்லோர் முன்னாலும் படிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வாள். ஒரு நாள் இடைவேளையில் அவளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, நான்கு வரியைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தேன். அவளிடமே போட்டுக் காட்டினேன். "டீச்சர், நான் 'பள்ளி'ய 'பல்லி'ன்னு படிச்சிருக்கேன்" என்றாள். நான் சொல்லவில்லை, அவளே கண்டுபிடித்தாள். திரும்பப் பதிவு செய்யச் சொன்னாள். அன்றைக்கு ஆறு முறை படித்தாள். ழகரம், ளகரம், றகரம் எல்லாம் இப்படித்தான் சரியாகிக்கொண்டு வருகின்றன. மாதா மாதம் முதல் வாரத்தில் எல்லோரையும் பதிவு செய்து வைக்கிறேன். ஜூனில் படித்ததையும் நவம்பரில் படித்ததையும் அடுத்தடுத்துப் போட்டால் குழந்தைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சாக்பீஸ் சார், இதுவும் டிஜிட்டல் கருவிதான். இதில் திரையே இல்லை.

சாக்பீஸ்:
டீச்சர், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உங்கள் வழியில் குழந்தைதான் வேலை செய்கிறது, கருவி சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறது. இதை நான் எதிர்க்கவே மாட்டேன்.

ஆனால் தஞ்சை சாருக்கு ஒரு பதில் இருக்கிறது. அதே பக்க இணைப்பை நான் டார்ச் பல்பு, ஒயர், செல் வைத்துச் செய்கிறேன். லேப்பில் இருந்த பழைய செல். இரண்டாவது பல்பைச் சேர்த்ததும் முதல் பல்பு மங்கியது, கண்ணுக்குத் தெரியவே மங்கியது. மங்கும் என்று எழுதிய உங்கள் 33 பிள்ளைகள் என் வகுப்பில் இருந்திருந்தால் அவர்கள் சொன்னதுதான் நடந்திருக்கும்! திரை ஒன்று சொல்கிறது, மேசை ஒன்று சொல்கிறது. பிள்ளை எதை நம்பும்? திரையைத்தான் நம்பும், அது பளபளப்பாக இருக்கிறது. தன் கையில் இருக்கும் பல்பைப் பார்த்து "என்னுதுதான் தப்பு போல" என்று நினைக்கும். அறிவியலில் இதைவிடப் பெரிய கெடுதல் எனக்குத் தெரியாது.

பி.எட். மாணவி:
நான் இப்போதுதான் பி.எட். இரண்டாம் ஆண்டு. இதைப் பற்றிய ஆய்வுகளைப் படித்துக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன்.

பெரு நாட்டில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தார்கள். 319 பள்ளிகளை எடுத்துப் பார்த்த ஆய்வு 2012-ல் வந்தது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் எதுவும் இல்லை. இது சாக்பீஸ் சார் பக்கம்.

இன்னொரு பக்கம் டெல்லி. மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் செய்த ஆய்வு, 2019-ல் வெளியானது. குலுக்கலில் தேர்வான பிள்ளைகளுக்கு நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். காரணம் என்னவென்றால், அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளை சராசரியாகக் கணக்கில் இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது. ஆசிரியர் ஆறாம் வகுப்புப் புத்தகத்தை நடத்துகிறார், பிள்ளையோ மூன்றாம் வகுப்பில் நிற்கிறது. அந்த மென்பொருள் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து கணக்குக் கொடுத்தது. 40 பேரை வைத்துக்கொண்டு ஒரு ஆசிரியர் இதை எப்படிச் செய்ய முடியும்? அதனால் நான் தஞ்சை சார் பக்கம்.

சாக்பீஸ்:
தங்கையே, அந்த டெல்லி ஆய்வை நானும் படித்திருக்கிறேன். அது வகுப்பறையில் நடக்கவில்லை, பள்ளி முடிந்த பிறகு மையங்களில் நடந்தது. ஒரு நாளைக்கு 90 நிமிடம். அதில் பாதி நேரம்தான் கணினி, மீதிப் பாதி சிறு குழுவாக உட்கார்ந்து ஓர் ஆள் சொல்லிக்கொடுத்தார். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்களுக்கு அப்படி ஓர் ஆள் கிடைத்தால் நான் ஏன் இங்கே புலம்பப் போகிறேன்?

பி.எட். மாணவி:
உண்மைதான் சார், அதை விட்டுவிட்டேன். ஆனால் பிள்ளையின் நிலைக்கு ஏற்ற கணக்கைக் கொடுத்தது கணினிதான் என்பதை ஆய்வாளர்கள் முக்கியமான காரணமாகச் சொல்கிறார்கள். உதவியாளர் தேவை என்பதை நான் மறுக்கவில்லை.

புத்தகப்பிரியன்:
ஸ்வீடனை யாரும் சொல்லவில்லையே. 2023-ல் அந்த அரசு அச்சுப் புத்தகம் வாங்க 68.5 கோடி குரோனர் ஒதுக்கியது. அவ்வளவு பணக்கார நாடே திரும்பி வருகிறது. நாம் ஏன் இப்போது ஓட வேண்டும்?

தஞ்சை இயற்பியல்:
ஸ்வீடனில் பல பிள்ளைகளுக்குப் பாடநூல் போதாமல் போனது, அதனால் வாங்கினார்கள். நம் பிள்ளை கையில் இலவசப் பாடநூல் முதல் நாளிலேயே இருக்கிறது. நாம் புத்தகத்தை எடுத்துவிட்டுத் திரையைக் கொடுக்கவில்லை. இரண்டு நிலைமையும் வேறு.

சிறப்புப் பயிற்றுநர்:
"திரை நேரத்தைக் குறைக்க வேண்டும்" என்று பொதுவாகச் சொல்லும்போது என் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். நான் ஐந்து பள்ளிகளுக்குப் போய் வருகிறேன். ஒரு பள்ளியில் பார்வைக் குறைபாடுள்ள மாணவன், எட்டாம் வகுப்பு. முதல் வரிசையில் உட்கார்ந்தாலும் கரும்பலகை அவனுக்குச் சாம்பல் நிறச் சுவர்தான். பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான், அவன் எழுதுகிற பிழையெல்லாம் இவன் நோட்டிலும் இருக்கும். இப்போது ஆசிரியர் பலகையைப் படம் பிடித்து டேப்லெட்டில் கொடுக்கிறார். விரலால் பெரிதாக்கி, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றிப் படிக்கிறான். பாடநூலின் பிடிஎஃப்பையும் அப்படியே படிக்கிறான். முற்றிலும் பார்வை இல்லாத இன்னொரு பெண்ணுக்கு என்விடிஏ போட்டுக் கொடுத்திருக்கிறேன். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் இலவச மென்பொருள். அதன் தமிழ்க் குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாகத்தான் இருக்கும், அவள் பழகிக்கொண்டாள். நான் கேட்டால் எனக்குப் புரியாத வேகத்தில் வைத்துக் கேட்கிறாள்!

இவர்களுக்கு அதுதான் கரும்பலகை. அதைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

சாக்பீஸ்:
சார், மன்னிக்க வேண்டும். பொதுவாக எழுதியது என் தவறு. எல்லோரையும் சும்மா உட்கார வைத்து ஓட்டும் வீடியோவைத்தான் சொன்னேன்.

தஞ்சை இயற்பியல்:
சாக்பீஸ் சார், உங்கள் மங்கிய பல்பு இரண்டு நாளாக என்னை விடவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும்: பழைய செல்லில் அகமின்தடை, அதாவது செல்லுக்குள்ளேயே இருக்கும் மின்தடை, அதிகம். இரண்டு பல்பும் சேர்ந்து கூடுதல் கரன்ட் இழுக்கும்போது செல்லுக்குள்ளேயே மின்னழுத்தம் கொஞ்சம் வீணாகிறது, வெளியே வருவது குறைகிறது. ஃபெட்டில் வரும் பேட்டரிக்கு அகமின்தடை சுழி. அதனால்தான் அங்கே மங்குவதில்லை.

ஆனால் அதிலேயே பேட்டரியின் மின்தடையைக் கூட்டிக் குறைக்க ஒரு வசதி இருக்கிறது. இத்தனை வருடம் நான் அதைத் தொட்டதே இல்லை. நேற்று லேப்பில் தனியாக உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். இரண்டாவது பல்பைச் சேர்த்ததும் முதல் பல்பு மங்கியது, உங்கள் மேசையில் நடந்த மாதிரியே. திரையை மட்டும் காட்டிவிட்டு நிறுத்தியது என் பக்கத் தவறுதான். பிள்ளைகள் கையில் செல்லும் பல்பும் இருந்திருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறாகச் சொல்லும் அந்த இடத்தில் நிறுத்தி, "யார் சொல்வது சரி, ஏன்?" என்று கேட்டிருக்க வேண்டும். அகமின்தடை பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். இருந்தாலும் பத்தாவதில் அந்தக் கேள்வி வந்தால் தடுக்க மாட்டேன்.

அதே சமயம் ஒன்று கேட்கிறேன் சார். உங்கள் மேசையில் பல்பு மங்கியபோது, புதுச் செல் போட்டால் என்ன ஆகும் என்று பிள்ளைகள் பார்த்தார்களா? பார்க்காமல் போயிருந்தால் "பக்க இணைப்பில் பல்பு மங்கும்" என்றுதானே நோட்டில் எழுதியிருப்பார்கள்? மேசையும் தனியாகப் பொய் சொல்லும்.

சாக்பீஸ்:
பார்க்கவில்லை. "செல் பழசு, அதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அவர்கள் என்ன எழுதினார்கள் என்று நோட்டை வாங்கிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, பாதிப் பேர் "மங்கும்" என்றே எழுதியிருக்கிறார்கள்.

18 நிமிட வீடியோ பற்றி என் கருத்து மாறவில்லை, அதை இனி போடப் போவதில்லை. ஆனால் இதைச் செய்து பார்க்கிறேன். திங்கட்கிழமை மூன்றாவது பீரியட் எனக்குப் பத்தாம் வகுப்பு. புதுச் செல் நான்கு ஜோடி வாங்கிவிட்டேன், வீட்டு டார்ச்சிலிருந்து மங்கிப்போன செல்லும் எடுத்து வைத்திருக்கிறேன். ஃபெட்டை நெட் இல்லாமல் ஓட்ட எப்படி இறக்குவது என்று மட்டும் எழுதுங்கள் சார், எங்கள் லேப்பில் திங்கட்கிழமை வைஃபை இருக்குமா என்று உறுதி இல்லை.

தஞ்சை இயற்பியல்:
ஒரே ஒரு கோப்புதான் சார். தளத்தில் அந்தச் சோதனையின் பக்கத்திலேயே இறக்கும் பொத்தான் இருக்கும். பென் டிரைவில் போட்டு எடுத்துப் போனால் போதும், எந்த பிரவுசரிலும் திறக்கும். இன்று இரவே ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் நோட்டில் எழுதி முடிக்கும் வரை எதையும் தொடாதீர்கள்.