பிரஷர் வாஷர் விட்டுவிட்டு அடிக்கிறது, ஆர்சிசிபியும் டிரிப் ஆகிறது

யீஷுன் தரைவீடு:
வணக்கம். தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, போர்ச் முழுக்கப் பாசி. சிங்கப்பூர் ஈரத்துக்கு இரண்டு மாதம் கவனிக்காமல் விட்டால் போதும், கரும்பச்சையாகப் படிந்துவிடுகிறது. போன வாரம் அம்மா வழுக்கிவிட்டுக் கையை ஊன்றி விழுந்தார், நல்ல வேளை எலும்புக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கே போய்க் கரண்டில் ஓடுகிற பிரஷர் வாஷர் ஒன்று வாங்கினேன், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுகிற மெஷின், பிரஷர் 130 பார் என்று போட்டிருக்கிறது. முதல் நாள் அருமையாக அடித்தது. இரண்டாம் நாளிலிருந்து இரண்டு நொடி வேகமாக வருகிறது, அப்புறம் சும்மா குழாய்த் தண்ணீர் மாதிரி, மறுபடி வேகம். டிரிகரை விட்ட பிறகும் மோட்டார் அவ்வப்போது தானாக ஒரு நொடி ஓடி நிற்கிறது. நேற்று ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை நிறுத்துகிற சுவிட்ச்) இரண்டு முறை டிரிப் ஆகி வீடே இருட்டாகிவிட்டது. எக்ஸ்டென்ஷன் போட்டுத்தான் ஓட்டுகிறேன். மெஷின் போச்சா? இன்னொன்று, செருப்போடு அடிக்கலாமா, பூட்ஸ் வேண்டுமா? நேற்று தண்ணீர் கால் விரலில் லேசாகப் பட்டு ஒரு புள்ளி மாதிரி சிவந்திருக்கிறது.

துவாஸ் பட்டறை:
தம்பி, மெஷினை அப்புறம் பார்ப்போம். கடைசியில் ஒரு வரி போட்டீர்களே, முதலில் அதைப் பாருங்கள். அந்தப் புள்ளியில் தோல் துளைத்திருக்கிறதா? ஊசி குத்தின அளவுக்கு ஓட்டை இருந்தாலும், வலியே இல்லை என்றாலும், இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள். துளைத்ததா இல்லையா என்று சந்தேகமாக இருந்தாலும் போங்கள். போனதும் 'பிரஷர் வாஷர் தண்ணீர் பட்டது' என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள், ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது கொசுக்கடி மாதிரிதான் தெரியும்.

நான் பல வருடம் கப்பலின் அடிப்பாகத்தைத் தண்ணீரால் அடித்துச் சுத்தம் செய்கிற வேலை பார்த்தவன். கூட வேலை பார்த்த ஒரு தம்பிக்கு ஆள்காட்டி விரலில் பட்டது. ஒரு சொட்டு ரத்தம்தான், பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான். ராத்திரிக்குள் விரல் வீங்கி மடக்க முடியவில்லை. தண்ணீர் அந்தச் சின்ன ஓட்டை வழியாக உள்ளே போய், தசைக்கும் நரம்புக்கும் இடையில் பரவி, அழுக்கையும் சோப்பையும் கூடவே கொண்டுபோய்விடுகிறது. ஆபரேஷன் செய்து திறந்து கழுவினார்கள். அங்கே பிரஷர் மிக அதிகம்தான், ஆனால் வீட்டு மெஷின் என்று லேசாக நினைக்காதீர்கள். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம், உங்களுடையது அதைப்போல 60 மடங்கு.

செருப்பு வேண்டவே வேண்டாம். மூடின பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி. காலில் மாட்டியிருக்கும்போதே செருப்புச் சேற்றை அடித்துக் கழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அப்படிச் செய்யாதீர்கள். நாசிலில், அதாவது தண்ணீர் பீய்ச்சுகிற முனையில், ஒற்றைக் கோடாக வருவதைத் தொடாதீர்கள், போர்ச்சுக்கு 25 அல்லது 40 டிகிரிக்கு விசிறி மாதிரி விரிந்து அடிப்பது போதும்.

சிராங்கூன் வயரிங்:
ஆர்சிசிபி டிரிப் ஆவது மெஷினின் கோளாறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை சார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது அறுத்துவிடும், அதுதான் உங்கள் உயிரைக் காக்கிறது. எரிச்சலில் யாரையாவது வைத்து அதைத் தாண்டி லைன் கொடுத்துவிடாதீர்கள், இது 230 வோல்ட், நீங்கள் ஈரத் தரையில் நிற்கிறீர்கள். எக்ஸ்டென்ஷனும் மெஷின் பிளக்கும் சேருகிற இடம் தண்ணீரில் கிடக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் அதுதான். எல்லாவற்றையும் கழற்றி நன்றாகக் காயவிட்டு, எக்ஸ்டென்ஷன் இல்லாமல் சுவர் பிளக்கில் நேரடியாகப் போட்டுப் பாருங்கள். அப்போதும் டிரிப் ஆனால் ஈரம் மோட்டாருக்குள் போயிருக்கலாம், ஓட்டாதீர்கள், சர்வீசுக்குக் கொடுங்கள். எக்ஸ்டென்ஷன் போட்டே ஆக வேண்டுமென்றால் தடித்த வயராக வாங்கி, சுருளை முழுக்கப் பிரித்துப் போடுங்கள், சுருட்டியபடி ஓட்டினால் சூடேறி உருகும். இணைப்பை ஒரு நாற்காலி மேல் வையுங்கள். ஆர்சிசிபியில் 'T' என்று ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும், நான் மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்கிறேன், நீங்களும் பாருங்கள்.

செம்பவாங் அக்கா:
விட்டுவிட்டு அடிப்பது பெரும்பாலும் தண்ணீர் போதாமல்தான். மெஷினில் ஹோஸ் மாட்டுகிற வாயில் ஒரு சின்ன வலை ஃபில்டர் இருக்கும், அதைக் கழற்றிக் கழுவுங்கள். ஹோஸ் எங்காவது மடங்கியிருக்கிறதா பாருங்கள். குழாயை முழுசாகத் திறந்தால் 10 லிட்டர் வாளி ஒரு நிமிடத்துக்குள் நிறைய வேண்டும். ஆரம்பிக்கும்போது கரண்ட் போடாமல் தண்ணீரைத் திறந்து, டிரிகரைப் பிடித்தபடி காற்றெல்லாம் வெளியேறி ஒரே சீராக வந்த பிறகு சுவிட்சைப் போடுங்கள். முடிக்கும்போது சுவிட்ச், அப்புறம் குழாய், அப்புறம் டிரிகரை அழுத்தி மிச்ச பிரஷரை வெளியேற்றிவிட்டுத்தான் ஹோஸைக் கழற்ற வேண்டும். மோட்டார் தானாக ஓடினால் எங்கோ பிரஷர் கசிகிறது, டிரிகர் இருக்கிற கைப்பிடியை, அதாவது கன்னை, மாட்டுகிற இடத்தில் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம்.

பாசியைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போடுங்கள் தம்பி, சோப்பும் போடாதீர்கள். வாசல் கால்வாய்த் தண்ணீர் சாக்கடைக்குப் போவதில்லை. இந்த ஊரில் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி, நாம் குடிக்கிற தண்ணீர்தான் அது.

யீஷுன் தரைவீடு:
துவாஸ் அண்ணே, உங்கள் பதிலைப் படித்ததும் போனேன். டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார், தோல் துளைக்கவில்லை, மேலே சிவந்தது மட்டும்தான். வீங்கினாலோ மரத்துப்போனாலோ உடனே வரச் சொன்னார். பூட்ஸ் வாங்கிவிட்டேன்.

எக்ஸ்டென்ஷன் இணைப்பு குட்டைக்குள்தான் கிடந்தது. காயவைத்து நேரடியாகப் போட்டேன், டிரிப் ஆகவில்லை. அக்கா சொன்ன ஃபில்டரைக் கழற்றினால் குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப் ஒரு விரற்கடை நீளத்துக்கு உள்ளே அடைத்திருந்தது, நான்தான் அதிகமாகச் சுற்றியிருக்கிறேன். எடுத்ததும் சீராக அடிக்கிறது. கன் பக்கம் மட்டும் இன்னும் சொட்டுகிறது, வளையம் வாங்கி மாற்றும் வரை மெஷினை ஓரமாக வைத்துவிட்டேன். அம்மா நடக்கிற பாதையை இன்றைக்கு பிரஷ் வைத்தே தேய்த்துவிட்டேன்.