சேசார் பிராங்க்: 55 வயது வரை என்ன செய்துகொண்டிருந்தார்?

கேள்வி:
வயலின் சொனாட்டாவைக் கேட்டதிலிருந்து சேசார் பிராங்க் என்ற இசையமைப்பாளர் மேல் பெரிய பிடிப்பு. அப்புறம் பியானோ குவின்டெட், டி மைனர் சிம்பொனி என்று தேடித் தேடிக் கேட்டேன். ஆண்டுகளைப் பார்த்தால் குவின்டெட் 1879, சொனாட்டா 1886, சிம்பொனி 1888. மனிதர் பிறந்ததோ 1822-இல். அதற்கு முந்தைய முப்பது வருடங்களை "பாரிசில் சர்ச் ஆர்கனிஸ்டாக இருந்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வேலைதான் அவரை எழுதவிடாமல் கட்டிப்போட்டதா? ஆர்கன் இசை எனக்கு அவ்வளவாகத் தெரியாது, கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில் 1:
கட்டிப்போடவில்லை, அந்த வேலைதான் அவரை உருவாக்கியது என்று சொல்வேன். 1858-இல் செயின்ட் குளோடில்ட் ஆலயத்தில் சேர்ந்தார், 1890-இல் சாகும் வரை அங்கேதான் இருந்தார். 1859 டிசம்பரில் அங்கே ஆர்கன் கட்டும் கலைஞர் கவாயே-கோல் கட்டிய புது ஆர்கன் திறக்கப்பட்டது. ஆர்கன் என்றால் குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பெரிய கருவி. மூன்று விசைப்பலகை, காலுக்குப் பெடல், அதோடு ஒரு பலகையின் குழாய்கள் முழுவதும் கதவு வைத்த பெட்டிக்குள் இருக்கும், காலால் அந்தக் கதவைத் திறந்து மூடி ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம். பிராங்கின் இசை மெல்ல மெல்லப் பொங்கி வருகிறதே, அது இந்தக் கருவியில் பழகிய கை.

திருப்பலியில் ஆர்கனிஸ்டுக்கு என்ன வேலை என்று யோசித்துப் பாருங்கள். காணிக்கை நேரத்தில் வாசிக்க வேண்டும், ஆனால் அது எவ்வளவு நேரம் போகும் என்று முன்கூட்டித் தெரியாது. பீடத்தில் அடுத்த கட்டம் தொடங்கும்போது இசை ஒழுங்காக முடிந்திருக்க வேண்டும், நடுவில் அறுந்தது போல இருக்கக் கூடாது. அதனால் சின்ன ஒரு கருவை எடுத்துக்கொண்டு, அதையே திருப்பித் திருப்பி வேறு வேறு சுருதிகளுக்குக் கொண்டுபோய், எந்த இடத்திலிருந்தும் வீடு திரும்பத் தெரிந்திருக்க வேண்டும். முழுக்க மனோதர்மம். இதை அவர் வாராவாரம் முப்பது வருடம் செய்தார். இப்போது சிம்பொனியை மறுபடி கேளுங்கள்: தொடக்கத்தில் வரும் மூன்று ஸ்வரக் கரு எப்படியெல்லாம் உருமாறுகிறது, முந்தைய பகுதிகளின் மெட்டுகள் கடைசிப் பகுதியில் எப்படித் திரும்பி வருகின்றன! 1866-இல் புகழ்பெற்ற பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான லிஸ்ட் அந்த ஆலயத்துக்கு வந்து கேட்டுவிட்டு, பழைய ஆர்கன் மேதை பாக் (Bach) என்பவரோடு ஒப்பிட்டுப் பேசினார் என்று பிராங்கின் மாணவர் வான்சான் தாண்டி எழுதியிருக்கிறார். அன்று வாசித்தது எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

பதில் 2:
மேலே சொன்னது சரிதான், ஆனால் கஷ்டத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. அப்பா அவரை மேடைப் பியானோ கலைஞராக்கிக் காசு பார்க்க நினைத்தவர். லியேஜிலிருந்து 1835-இல் பாரிசுக்குக் கூட்டிவந்தார், 1842-இல் கன்சர்வேட்டரி (பாரிஸ் இசைக் கல்லூரி) படிப்பையே பாதியில் நிறுத்தினார். 1846-இல் "ரூத்" ஓரட்டோரியோ (பாடகர்களும் இசைக்குழுவும் சேர்ந்து வழங்கும் சமயக் கதைப் படைப்பு) அரங்கேறியும் பெரிதாக எடுபடவில்லை. 1848-இல் அப்பாவுக்குப் பிடிக்காத கல்யாணம், அதுவும் புரட்சி நடந்த பிப்ரவரியில், தெருத் தடுப்புகளைத் தாண்டித்தான் ஆலயத்துக்குப் போனார்கள். அதற்கப்புறம் பிழைப்புக்கு நாள் முழுக்க வீடு வீடாகப் பியானோ வகுப்பு. விடிகாலையில் எழுந்து கிடைத்த இரண்டு மணி நேரம்தான் சொந்த இசைக்கு. "லே பியாட்டிட்யூட்" என்ற ஓரட்டோரியோவை முடிக்கப் பத்து வருடம் (1869–79) ஆனது என்றால் ஏன் ஆகாது? நேரத்தைத் தின்றது இந்த வகுப்புகள்தான், ஆலயம் இல்லை.

இன்னொன்று: 1872-இல் கன்சர்வேட்டரியில் ஆர்கன் பேராசிரியரானார். வகுப்பில் பெரும்பகுதி மனோதர்மப் பயிற்சிதான், எழுதிவைத்ததை வாசிப்பது கொஞ்சம். தாண்டி, ஷோசோன் போன்ற இளைஞர்கள் சுற்றிச் சேர்ந்தார்கள். தன்னை நம்பிக் கேட்பவர்கள் கிடைத்தபிறகுதான் பெரிய படைப்புகள் வரிசையாக வந்தன என்று நினைக்கிறேன்.

கேட்டவர்:
அருமை, இருவருக்கும் நன்றி. ஆர்கன் படைப்புகளில் முதலில் எதைக் கேட்கலாம்?

பதில் 3:
கடைசியிலிருந்து வாருங்கள். 1890-இல் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு எழுதி முடித்த மூன்று கோரல்கள் (பாசுரம் போன்ற மெட்டை வைத்து வளரும் ஆர்கன் படைப்புகள்) இருக்கின்றன. ஏ மைனர் கோரல் முதலில்: விர்ரென்று ஓடும் தொடக்கம், நடுவில் டிரம்பெட் ஸ்டாப்பில் (டிரம்பெட் போல ஒலிக்கும் குழாய் வரிசையில்) தனியாகப் பாடும் நீண்ட மெட்டு. அடுத்து ஈ மேஜர். அதில் மெல்லிய குரலில் வரும் சிறு வாக்கியம் ஒன்று முடிவில் முழு ஆர்கனாக எழும், அதைத் தவறவிடாதீர்கள். பிறகு 1868-இல் வெளியான ஆறு படைப்புகளுக்குப் போனால், 55-க்கு முன் என்ன செய்தார் என்ற உங்கள் கேள்விக்குக் காதாலேயே பதில் கிடைக்கும்.

ஒலிப்பதிவு தேடும்போது ஒன்று கவனியுங்கள். செயின்ட் குளோடில்ட் ஆர்கன் 1933-இலும் 1962-இலும் நிறைய மாற்றப்பட்டது, இப்போது கேட்பது பிராங்க் வாசித்த ஒலி அல்ல. அதே கவாயே-கோல் கட்டிய ரூவான் செயின்ட் உவான் (1890) அல்லது துலூஸ் செயின்ட் செர்னான் (1889) ஆர்கன்களில் எடுத்த பதிவுகள் நெருக்கமாக இருக்கும். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், பெடல் ஒலி சின்ன ஸ்பீக்கரில் வராது.