செவலையோடு தாழங்குடா வரை

கடலூரிலிருந்து:

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் என் குதிரை செவலையை வாங்கியபோது அதற்கு ஆறு வயது. காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்திருக்கும். குஜராத் பக்கத்துக் கத்தியவாரி இனக் கலப்பு என்றார் விற்றவர். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே சேணம் போட்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். படகை மூடியிருந்த நீலத் தார்ப்பாய் காற்றில் படபடத்தது. செவலை ஒரே தாவாகப் பக்கவாட்டில் ஒதுங்க, நான் மணலில் கிடந்தேன். இடது மணிக்கட்டில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஏறத்தான் முடியாது, கூட நிற்கலாம் அல்லவா? முன்பு ஜட்கா ஓட்டிய பெரியவர் ஒருவர் புதுப்பாளையத்திலிருந்து வந்து பார்த்தார். "நேரா முன்னால போய் நிக்காத தம்பி. நெத்திக்கு நேரா இருக்கறது அதுக்குத் தெரியாது, வாலுக்குப் பின்னாடியும் தெரியாது. தோள்பக்கமா பேசிக்கிட்டே போ" என்றார். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் மற்றபடி ஏறக்குறையச் சுற்றிலும் அதற்குத் தெரியும். நான்தான் தினமும் அந்தத் தெரியாத இடத்தில் போய் நின்றிருக்கிறேன்.

12 அடிக் கயிற்றோடு ஆரம்பித்தோம். தலைக்கயிற்றை லேசாகப் பின்பக்கம் அழுத்துவேன். செவலை காலைப் பின்னால் வைக்கத் தன் உடம்பின் கனத்தை மாற்றினாலே போதும், உடனே விட்டுவிடுவேன். விடுகிற அந்தக் கணத்தில்தான் குதிரை கற்கிறது. தாமதமாக விட்டால் எதற்காக விட்டோம் என்று அதற்குப் புரியாது. என் கைக்கு இது படிய பத்து நாள் ஆனது.

அப்புறம் அதே மாதிரி ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கி, கொட்டிலிலிருந்து 20 அடி தள்ளி விரித்தேன். செவலை அதைப் பார்த்து நின்றால் நானும் நிற்பேன். தலையைத் தாழ்த்தி, வாயை மெல்லுகிற மாதிரி அசைத்ததும் அங்கிருந்து விலக்கி அழைத்துப்போவேன். தினமும் இரண்டு மூன்று அடி கிட்டே போனோம். ஒன்பதாம் நாள் தார்ப்பாய் மேலேயே ஏறி நின்றது. அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். மறுநாள் எதிர்த்திசையிலிருந்து அழைத்து வந்தேன். தார்ப்பாய் அதன் வலப்பக்கம் இருந்தது. மிரண்டுவிட்டது! இடக்கண்ணுக்குக் காட்டியதை வலக்கண்ணுக்கும் முதலிலிருந்து காட்ட வேண்டியிருந்தது.

புதுச்சேரியிலிருந்து:

எனக்குச் சொந்தக் குதிரை இல்லை, வாரம் இரண்டு நாள் போய்க் கற்றுக்கொள்கிறேன். ஆரோவில் பக்கம் மழை அரித்த செம்மண் ஓடைகள் உண்டு. ஒரு நாள் அப்படியொரு சரிவில் என் குதிரை நின்றுவிட்டது. பயத்தில் கடிவாள வாரை இழுத்துப் பிடித்தேன். இழுக்க இழுக்க அது தலையைத் தூக்கியது. "வாரை விடுங்க, அது தரையைப் பார்க்கணும்" என்று பின்னாலிருந்து பயிற்சியாளர் சொன்னார். விட்டேன். கழுத்தை நீட்டி மண்ணை மோந்து பார்த்துவிட்டு ஒவ்வொரு காலாக வைத்து இறங்கியது. சரிவில் அதன் சமநிலையே கழுத்தில்தான் இருக்கிறது. கயிற்றை உடனே விடுவது பற்றி நீங்கள் எழுதியதும் இதுவும் ஒன்றுதான் என்று படிக்கும்போது தோன்றியது.

கடலூரிலிருந்து:

ஆமாம், ஒன்றேதான். கட்டுப் பிரித்த பிறகும் உடனே ஏறவில்லை. விடியற்காலையில் தேவனாம்பட்டினத்திலிருந்து தாழங்குடா வரை கயிற்றைப் பிடித்து நடந்தே கூட்டிப்போனேன். நாய்கள், மீன் ஏற்றும் ஆட்டோ, வலை உலர்த்துகிறவர்கள் என்று எல்லாவற்றையும் முதலில் நடந்தே பார்த்துக்கொண்டது. இரண்டு வாரம் கழித்துத்தான் சேணம்.

ஏறிப் போன முதல் நாள், பெண்ணையாற்று முகத்துவாரத்துக்கு முன்னால் கணுக்கால் அளவுத் தண்ணீர் ஓடியது. செவலை நின்றது. தட்டவில்லை, அதட்டவில்லை. ஒரு காலை முன்னே எடுத்தால் வாரைத் தளர்த்துவேன், பின்வாங்கினால் சும்மா இருப்பேன். வெயில் ஏறிவிட்டது, இருபது நிமிடம் இருக்கும். தலையைக் குனிந்து தண்ணீரை மோந்து, பலமாக ஒரு மூச்சு விட்டு, இறங்கியது. மறுகரை ஏறியதும் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, காதைப் பின்னால் திருப்பி என்னைக் கேட்டது. "போலாம்டா" என்றேன்.