இலவச வைத்தியம் உள்ள நாட்டில் தோட்டத்துப் பிள்ளைகள் மட்டும் ஏன் வளராமல் நிற்கிறார்கள்?

மலைநாட்டு வாத்தியார்:
இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிக்கிறேன். இந்த மாதம் பிள்ளைகளின் உயரமும் நிறையும் அளந்தோம். எங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரை டவுன் பாடசாலை மூன்றாம் வகுப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் வித்தியாசம் தெரியாது.

2016 இல் அரசாங்கம் எடுத்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பைத் தேடிப் படித்தேன். ஐந்து வயதுக்குக் கீழே, வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுக்க நூற்றுக்கு 17 பேர். தோட்டப் புறத்தில் 32 பேர். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு வாங்காத நாடு இது. தடுப்பூசி எங்கள் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது. அப்படியிருந்தும் இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? பெற்றோர் கூட்டத்தில் தாய்மார்தான் ஏச்சு வாங்கினார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. தோட்டத்துச் சுகாதாரத்தில் வேலை செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கொழும்பு வாசி:
சேர், கோபிக்க வேண்டாம். மூன்று வேளையும் ரொட்டியும் பிளேன்டியும். கடை பிஸ்கட் வாங்கிக் கொடுப்பார்கள், ஒரு கீரை ஆக்கிக் கொடுக்க மாட்டார்கள். சம்பளத்தன்று அப்பாமார் சாராயக் கடையில். இதில் அரசாங்கம் என்ன செய்யும்? விழிப்புணர்வுதான் வேண்டும்.

ஓய்வுபெற்ற மிட்வைஃப்:
வணக்கம் சேர். தோட்டத்து மிட்வைஃபாக இருந்து பென்ஷன் வயதில் நின்றவள் நான். கொழும்புத் தம்பிக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கீரை ஆக்கத் தெரியாத தாயை நான் கண்டதில்லை தம்பி. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு துண்டு மண் கிடைத்தால் போஞ்சியும் லீக்ஸும் போடுவார்கள். பறித்ததை விற்று அரிசியும் மாவும் வாங்குவார்கள். விடியுமுன் எழும்பி ரொட்டி சுட்டு வைத்து, கைப்பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளை காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டு, கொழுந்து பறிக்க மலைக்கு ஓட வேண்டும்.

கிளினிக் எப்போதும் வேலை நாளில்தான். போனால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது நாள் சம்பளம் இல்லை. கிளினிக் முடிந்து பத்து மணிக்கு மலைக்கு ஏறினால் நோம், அதாவது ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்து அளவு, எடுக்க முடியாது, கிலோ குறைந்தால் அரைப் பேர். ஒரு முறை ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்கை இறக்காமலே கையை நீட்டினாள். "மிஸ், இங்கேயே பிரஷர் பாருங்க. கிளினிக்குக்கு வந்தா அரைப் பேருதான்." கண் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்த துணி மாதிரி இருந்தது. நான் கொடுத்த இரும்புக் குளிசையை அவள் தேத்தண்ணியோடு விழுங்கிக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி இரும்பை உடம்பில் சேர விடாது. சொல்லிக் கொடுத்தேன், அடுத்த நாளே தண்ணியில் குடித்தாள். விழிப்புணர்வால் ஆகிற வேலை அவ்வளவுதான். போன அரைச் சம்பளத்தை அவளுக்கு யார் கொடுப்பது?

இதற்கு வேர் வேறு இடத்தில். 1912 இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டங்கள் தோட்டத்து ஆட்களின் வைத்தியத்தைத் தோட்டத்து முதலாளி பொறுப்பில் விட்டன. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை ஊர் ஊராகப் பரவியது, அரசாங்க மிட்வைஃப் வீடு வீடாகப் போனாள். தோட்டத்துக்குள் வரவில்லை. 1948 இல் இந்திய வம்சாவளியினரான எங்கள் ஆட்களில் பெரும்பாலானோருக்குப் பிரஜாவுரிமை போனது, அடுத்த வருடம் வோட்டும் போனது. வோட்டில்லாத லயத்துக்கு ஆஸ்பத்திரி கட்டு என்று எந்த எம்.பி. பேசுவார்? எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதே காலத்தில் வந்த பஞ்சத்தில் தோட்டத்தில்தான் சாவு மிக அதிகமாகக் கூடியது. 1992 இல் நிர்வாகம் திரும்பவும் கம்பனிகளிடம். தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் எடுக்கிறதாகத் தொடங்கிய வேலை பாதியில் நிற்கிறது. டிஸ்பென்சரியில் மருந்தில்லை என்று போனால் கம்பனி அமைச்சைக் காட்டும், அமைச்சு கம்பனியைக் காட்டும்.

ஒன்றும் மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். அரசாங்க மிட்வைஃப்மார் லயத்துக்குள் வந்த பிறகு வீட்டுப் பிரசவம் அற்றுப் போனதை என் கண்ணால் கண்டேன். அரசாங்கம் நினைத்தால் நடக்கும், அதைத்தான் சொல்கிறேன். ஆனால் 2021 இல் நாள் சம்பளம் 1000 ஆன கையோடு இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். கொழுந்து குறைந்தது, வேலை நாளும் குறைந்தது. அடுத்த வருடம் கோதுமை மா விலை ஏறியது, கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் திரிபோஷாச் சத்துமாவும் ஒழுங்காக வரவில்லை. டவுனில் திரிபோஷா இல்லாவிட்டால் முட்டை வாங்குவார்கள். லயத்தில் அதற்குப் பதில் எதுவும் இல்லை.

வார்ட் தாதி:
மிஸ் சொல்வது அத்தனையும் சரி. நான் மலையகத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். சில ஷிஃப்டில் தமிழ் தெரிந்த ஆள் நான் மட்டும்தான். வலி எந்தப் பக்கம், எப்போது தொடங்கியது என்று டொக்டரிடம் சொல்ல நோயாளி நான் வரும்வரை காத்திருப்பார். 2022 இல் பிரஷர் குளிசைகூட இல்லாமல் துண்டு எழுதி வெளியே வாங்கச் சொன்னோம். டவுன் ஆட்கள் வாங்கினார்கள். தோட்டத்து ஐயா ஒருவர் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். பிறகு ஒரு பக்கம் இழுத்த நிலையில் அவரைக் கொண்டுவந்தார்கள்.

கொழும்பு வாசி:
அரைப் பேர் விஷயம் எனக்குத் தெரியாது அம்மா. இப்போது என்ன கேட்டால் சரி வரும்?

ஓய்வுபெற்ற மிட்வைஃப்:
கிளினிக் கார்டில் முத்திரை விழுந்தால் அன்றைக்கு முழுப் பேர். முதலில் அது வேண்டும். பிள்ளைக் காம்பராவில் மத்தியானம் ஒரு முட்டையோடு சோறு, அரசாங்கச் செலவில். டிஸ்பென்சரிகளை அமைச்சு முழுதாக எடுத்துத் தமிழ் பேசும் ஆளைப் போட வேண்டும்.

மலைநாட்டு வாத்தியார்:
அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குத் தோட்ட மேனேஜர் துரையையும், எங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியான எம்.ஓ.எச். ஐயாவையும் அழைக்கச் சொல்லி அதிபரிடம் கேட்கிறேன். முழுப் பேர் கோரிக்கையைக் கடிதமாக எழுத உதவுவீர்களா மிஸ்?

ஓய்வுபெற்ற மிட்வைஃப்:
எழுதுங்கள் சேர், நானும் கையெழுத்துப் போடுகிறேன். போன மூன்று மாதக் கிளினிக் தேதிகளையும், அந்த நாட்களில் யார் யாருக்கு அரைப் பேர் விழுந்தது என்பதையும் பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் ஆபிசில் கடிதத்தை வாங்கி வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள்.